பிரிந்த தம்பதியை வைத்து ரீஜென்சிக் குறுநாவல்: புதிதாக எழுதுபவருக்கு

நடன விருந்தில் பார்த்து, தோட்டத்தில் சண்டை போட்டு, கடைசி அத்தியாயத்தில் தேவாலயத்துக்குப் போகும் ரீஜென்சிக் காதல் கதை, அதாவது 1810-களின் இங்கிலாந்தில் நடக்கும் காதல் கதை, ஒரு வகை. இங்கே சொல்லப்போவது இன்னொரு வகை. கதை தொடங்கும்போதே இவர்களுக்குக் கல்யாணமாகி ஐந்தாறு வருடம் ஓடிவிட்டது. அவன் ஓர் ஊரில், அவள் ஓர் ஊரில். ஏதோ ஒரு காரணம் இருவரையும் மறுபடி ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்து நிறுத்துகிறது. குறுநாவல் அளவுக்கு இதைவிடத் தோதான கதை கிடைப்பது கஷ்டம். பார்த்தது, மயங்கியது, பெரியவர்கள் சம்மதித்தது எல்லாம் முன்கதையாகிவிடுவதால் நேராகச் சண்டைக்குள் நுழைந்துவிடலாம். தமிழ் வாசகருக்கும் இது பழகிய கதைதான். மாத நாவல்கள் இதை விதவிதமாகச் சொல்லியிருக்கின்றன.

ஆனால் பெயரையும் உடையையும் மாற்றினால் மட்டும் நம் ஊர்க் கதை ரீஜென்சி ஆகிவிடாது. அந்தக் காலத்து இங்கிலாந்துச் சட்டம் ஒரு மனைவியை எப்படிக் கட்டிப்போட்டிருந்தது என்பதுதான் இந்த வகைக் கதையின் எலும்பு. அது கைக்கு வந்துவிட்டால் திருப்பங்களைத் தேடி அலைய வேண்டாம். படிப்படியாகப் போவோம், கூடவே ஓர் உதாரணக் கதையையும் கட்டிக்கொண்டு வருகிறேன்.

1. வருடத்தை முடிவு செய்யுங்கள்

கறாராகச் சொன்னால் ரீஜென்சி என்பது 1811 பிப்ரவரி 5 முதல் 1820 ஜனவரி 29 வரை. மூன்றாம் ஜார்ஜ் மன்னர் மனநலம் குன்றியிருக்க, மகன் அவருக்குப் பதிலாக ஆண்ட காலம். அந்த மகனே நாடறிந்த பிரிந்த கணவர். 1795 ஏப்ரலில் பிரன்ஸ்விக் இளவரசி கரோலினை மணந்தார். 1796 ஜனவரியில் மகள் பிறந்தாள். கொஞ்ச நாளிலேயே தம்பதி தனித்தனி. கரோலின் 1814-இல் நாட்டை விட்டே போனார். 1821-இல் கணவர் முடிசூடிய நாளன்று அவரை வெஸ்ட்மின்ஸ்டர் அபேக்குள்ளேயே விடவில்லை. உங்கள் கதையில் யாராவது ‘ஊர் என்ன சொல்லும்’ என்று பதறினால், அந்த ஊரின் தலைமை வீட்டு நிலவரம் இதுதான் என்பதை நினைவில் வையுங்கள். ஒரு பாட்டியம்மாள் கதாபாத்திரம் இருந்தால் இதைக் குத்திக்காட்டாமல் இருக்கவே மாட்டாள்.

கணவன் வீட்டில் இல்லாததற்குப் போர் நல்ல காரணம். 1808 முதல் 1814 வரை போர்ச்சுகல், ஸ்பெயின் மண்ணில் தீபகற்பப் போர். 1815 ஜூன் 18 நெப்போலியன் தோற்ற வாட்டர்லூ. அங்கே வென்ற தளபதி வெலிங்டனே ஓர் உதாரணம். அயர்லாந்தில் அவர் பெண் கேட்டபோது, காசில்லாத அதிகாரி என்று மறுத்துவிட்டார்கள். இந்தியா வந்தார், அசாயே போரில் பெயரெடுத்தார், 1805-இல் திரும்பினார், பல வருடம் பார்த்தே இராத அதே கிட்டி பாக்கென்ஹாமை 1806-இல் மணந்தார். அந்த வாழ்க்கை ஒட்டவேயில்லை. 1809 ஏப்ரலில் லிஸ்பனுக்குக் கப்பலேறியவர் 1814 வரை வீடு திரும்பவில்லை.

நம் கதாநாயகனையும் அதே மாதம் அதே போருக்கு அனுப்பிவிடுவோம். ஓர் ஏர்லின் (பரம்பரைப் பிரபுப் பட்டம்) இரண்டாவது மகன், படையில் கேப்டன். கல்யாணம் 1809 மார்ச்சில். கதை நடப்பது 1815 நவம்பரில் தொடங்கி 1816 ஜனவரி வரை.

கணவனை மெட்ராஸுக்கு அனுப்பலாமா என்று கேட்பீர்கள். அனுப்பலாம். ஆப்பிரிக்காவின் தெற்கே கேப் முனையைச் சுற்றி வர ஐந்தாறு மாதம்; ஒரு கடிதம் போய்ப் பதில் வர ஏறக்குறைய ஒரு வருடம். பிரிவுக்கு இதைவிட என்ன வேண்டும். ஒன்று மட்டும்: ‘கிழக்கே போய்ப் பெரும் செல்வத்தோடு திரும்பினான்’ என்று ஆங்கிலக் கதைகள் ஒரே வரியில் கடந்துபோவதைத் தமிழில் அப்படியே எழுதக் கை வரக்கூடாது. அது யார் வீட்டுச் செல்வம் என்று நமக்குத் தெரியும். 1806 ஜூலையில் வேலூர்க் கோட்டையில் நடந்ததும் தெரியும்.

2. கல்யாணம் எப்படி நடந்தது

இதற்கு ஒரு பக்கம் போதும், ஆனால் விவரம் சரியாக இருக்க வேண்டும். 1753-ஆம் வருடத் திருமணச் சட்டப்படி மூன்று ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் அறிவிப்பு வாசிக்க வேண்டும், அல்லது திருச்சபையிடம் லைசென்ஸ் வாங்க வேண்டும். லைசென்ஸ் வழியில் 21 வயது நிரம்பாதவருக்குத் தகப்பனார் சம்மதம் கட்டாயம். சடங்கு காலை எட்டு முதல் நண்பகலுக்குள் தேவாலயத்தில். நினைத்த இடத்தில், நினைத்த நேரத்தில் என்றால் கான்டர்பரி பேராயர் தரும் ஸ்பெஷல் லைசென்ஸ். சட்டம் ஸ்காட்லாந்துக்குப் பொருந்தாததால் எல்லை தாண்டி கிரெட்னா கிரீனுக்கு ஓடினார்கள்.

நம் கதையில் ஓட்டமெல்லாம் இல்லை. ஏர்ல் குடும்பத்துக்குக் கடன். பெண்ணின் அப்பா லீட்ஸில் கம்பளித் துணி வியாபாரி. சீதனம் 30,000 பவுண்டு. இரண்டு பேரும் ஒருவரையொருவர் நான்கு முறை பார்த்திருக்கிறார்கள்.

3. எதனால் பிரிந்தார்கள்: இங்கே அவசரப்படாதீர்கள்

புதிதாக எழுதுபவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இந்த இடத்தில். அவன் யாரோ ஒருத்தியோடு பேசிக்கொண்டிருந்ததை அவள் பார்த்தாள், தப்பாக நினைத்தாள், ஆறு வருடம் பேசவில்லை. இப்படிக் காரணம் வைத்தால், அத்தையோ மாமாவோ ஐந்து நிமிடம் உட்காரவைத்துப் பேசியிருந்தால் தீர்ந்திருக்குமே என்று வாசகர் புத்தகத்தை மூடிவிடுவார். ஒளித்துவைக்கப்பட்ட கடிதமும் அப்படித்தான். துணைக்கு வைத்துக்கொள்ளலாம், தூணாக வைக்க முடியாது.

காயத்தைச் சோதிக்க ஒரு கேள்வி போதும்: உண்மை முழுவதும் வெளியே வந்த பிறகும் வலிக்கிறதா? வலித்தால் அது நல்ல காயம். இரண்டாவது சோதனை: இருவர் பக்கமும் கொஞ்சம் நியாயமும் கொஞ்சம் தப்பும் இருக்கிறதா?

நம் தம்பதிக்கு இப்படி வைப்போம். 1809 டிசம்பரில் குழந்தை பிறக்கிறது. மூன்று மாதத்தில் இறந்துவிடுகிறது. அவள் எழுதுகிறாள், ஒரு முறை வந்துவிட்டுப் போங்கள் என்று. கடிதம் ஒழுங்காகவே போய்ச் சேர்கிறது. அவனிடமிருந்து நான்கு வரிப் பதில் வருகிறது. விடுப்புக் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. அந்த வீட்டுக்குள் நுழையப் பயந்தான் என்பதுதான் நிஜம். அவள் தரப்பில்: அதன்பின் அவன் எழுதிய எதையும் அவள் பிரிக்கவில்லை. 1812-இல் ஸ்பெயினின் பதாஹோஸ் கோட்டைத் தாக்குதலில் அவன் அடிபட்டதைச் செய்தித்தாளில் வந்த பட்டியலைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள். அப்போதும் மேசை இழுப்பறையில் இருந்த கடிதங்களைத் தொடவில்லை. அதே வருடம் அண்ணன் இறந்து, பட்டம் இவனுக்கு வருகிறது. புது ஏர்ல் ஸ்பெயினிலேயே இருந்துவிட்டான்.

இதில் தப்பாகப் புரிந்துகொண்டது என்று எதுவுமே இல்லை. இருவருக்கும் எல்லாம் தெரியும். தெரிந்தும் எப்படி ஒரே மேசையில் உட்கார்வது என்பதுதான் கதை.

4. ஏன் விலகிப் போய்விட முடியவில்லை

கதையின் எலும்பு என்று சொன்னது இதைத்தான். நிதானமாகப் படியுங்கள்.

இன்றைய பொருளில் விவாகரத்து கிடையாது. திருச்சபை நீதிமன்றம் ‘ஒரே படுக்கையும் ஒரே சாப்பாடும் வேண்டாம்’ என்று பிரித்துவைக்கும். ஜீவனாம்சம் கூட வாங்கித் தரும். ஆனால் இருவரும் மறுமணம் செய்ய முடியாது. அதற்கும் சோரம் அல்லது கொடுமை நிரூபணமாக வேண்டும். கொடுமை என்றால் உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்து என்ற அளவுக்கு. பேசாமல் இருப்பது, அவமதிப்பது எல்லாம் கணக்கில் வராது.

மறுமணம் வேண்டுமென்றால் நாடாளுமன்றத்தில் தனிச்சட்டம் போட வேண்டும். வழக்கமான பாதை மூன்று படி: திருச்சபை வழக்கு, மனைவியின் காதலன் மேல் கணவன் போடும் நஷ்டஈட்டு வழக்கு, கடைசியில் நாடாளுமன்றம். நஷ்டஈட்டு வழக்கில் மனைவி வாதியுமில்லை, பிரதிவாதியுமில்லை. வாய் திறக்கக்கூட இடமில்லை. வேலைக்காரர்கள் கூண்டிலேறி எந்தக் கதவு பூட்டியிருந்தது, எந்தப் படுக்கை கலைந்திருந்தது என்று சொல்வார்கள். அதைச் சிறுபிரசுரமாக அச்சடித்து விற்பார்கள். 1857-இல் புதுச்சட்டம் வரும்வரை இந்த வழியில் விடுதலை வாங்கிய மனைவிகள் மொத்தம் நான்கே பேர். முதலாமவர் ஜேன் அடிசன், 1801-இல். அவருடைய கணவர் உறவு வைத்திருந்தது அவருடைய உடன்பிறந்தவளோடு.

ஸ்காட்லாந்தில் சட்டம் வேறு. அங்கே மனைவியும் சோரத்தைக் காட்டி விவாகரத்து கேட்கலாம். வெலிங்டனின் தம்பி ஹென்றியின் மனைவி சார்லட்டும் லார்ட் பேஜட்டும் 1809-இல் ஓடிப்போனார்கள். மறு வருடம் ஹென்றி நாடாளுமன்றம் வழியாகவும், பேஜட்டின் மனைவி ஸ்காட்லாந்து வழியாகவும் விடுபட்டார்கள். அந்த மனைவி உடனே ஒரு டியூக்கை மணந்தார். பேஜட் பிறகு வாட்டர்லூவில் காலை இழந்தார். கதையில் எழுதினால் நம்பமாட்டார்கள்.

இன்னொரு எச்சரிக்கை. ‘நாம் சேர்ந்து படுக்கவே இல்லை, ஆகவே கல்யாணத்தை ரத்து செய்துவிடலாம்’ என்று பல ரீஜென்சிக் கதைகளில் வரும். அன்றைய ஆங்கிலச் சட்டத்தில் அது மட்டும் காரணமாகாது. தீராத ஆண்மைக் குறைவு என்று நிரூபிக்க வேண்டும், மருத்துவச் சோதனையோடு. எந்த ஏர்ல் அதற்கு முன்வருவான்? உண்மையில் செல்லுபடியான காரணங்கள்: ஏற்கெனவே இன்னொரு கல்யாணம் இருந்தது, நெருங்கிய உறவு, சம்மதமில்லாமல் நடந்தது, வயது நிரம்பாதவர் தகப்பன் அனுமதியின்றி லைசென்ஸில் மணந்தது.

நடைமுறையில் பெரிய குடும்பங்கள் கையிலெடுத்தது தனியார் பிரிவினைப் பத்திரத்தை. மனைவி தன் பெயரில் கணவனோடு ஒப்பந்தம் போட முடியாது. அவள் சார்பில் தர்மகர்த்தாக்கள் (அவள் பொருட்டுச் சொத்தை வைத்துப் பார்த்துக்கொள்பவர்கள்) கையெழுத்திடுவார்கள். அவளுக்கு வருடம் இவ்வளவு, தனி வீடு, அவன் தொந்தரவு செய்யமாட்டான் என்று எழுதுவார்கள். கவிஞர் பைரன் பிரபு விஷயத்தில் நடந்தது இதுதான். 1815 ஜனவரி 2-இல் கல்யாணம். டிசம்பரில் மகள் ஏடா பிறந்தாள். 1816 ஜனவரியில் மனைவி அன்னபெல்லா கைக்குழந்தையோடு பெற்றோர் வீட்டுக்குப் போய்விட்டார். ஏப்ரல் 21-இல் பத்திரத்தில் கையெழுத்து. நான்கு நாளில் பைரன் நாட்டை விட்டே கப்பலேறிவிட்டார்.

நம் கதாநாயகி கேட்பதும் இப்படி ஒரு பத்திரத்தைத்தான்.

5. இத்தனை வருடம் அவள் எதை வைத்து வாழ்ந்தாள்

பணக் கணக்கு இல்லாத பிரிவுக் கதை நம்பும்படி இருக்காது. கல்யாணமானதும் பெண்ணின் ரொக்கமும் நகையும் கணவனுடையது. நிலத்தின் வாடகை வருமானமும் அவன் கையில். விவரமான அப்பா என்றால் கல்யாண உடன்படிக்கையில் ஒரு பங்கைத் தர்மகர்த்தாக்கள் பெயரில் பிரித்துவைப்பார். கைச்செலவுக்கு வருடம் இவ்வளவு, அவன் இறந்தால் இவ்வளவு என்று எழுதிவைப்பார். 30,000 பவுண்டை நூற்றுக்கு நாலைந்து என்று போட்டுவைத்தால் வருடம் 1,200 முதல் 1,500 வரும். அதில் எவ்வளவு அவள் கையில் நிற்கிறது என்பதை எழுதத் தொடங்கும் முன்பே ஒரு தாளில் போட்டுவிடுங்கள்.

குழந்தை உயிரோடு இருக்கும் கதையாக இருந்தால் இன்னும் இறுகும். பிள்ளைகள் மேல் உரிமை முழுக்கத் தகப்பனுக்கே. தாய் நீதிமன்றத்தில் கேட்கலாம் என்ற நிலையே 1839-இல்தான் வந்தது. பல மனைவிகள் சகித்துக்கொண்டு இருந்ததற்கு இதுவே காரணம்.

நம் கதையில் அவள் சும்மா இருக்கவில்லை. வியாபாரி மகள். எஸ்டேட் மேலாளரின் கணக்குகளைப் பார்க்கத் தொடங்கி, குடியானவர்களின் கூரைகளைச் சரிசெய்து, கடனில் பாதியை அடைத்துவிட்டாள். சட்டப்படி இதில் ஒரு செங்கல்லும் அவளுடையதில்லை. அவன் திரும்பி வந்து, “சாவியைக் கொடு” என்றால் முடிந்தது. இப்போது பாருங்கள், முதல் சந்திப்புக் காட்சியை எங்கே வைக்க வேண்டுமென்று தானாகவே தெரிகிறது: படுக்கையறையிலோ வரவேற்பறையிலோ இல்லை, கணக்குப் புத்தகங்கள் இருக்கும் அறையில். அவன் நாற்காலியில் அவள் உட்கார்ந்திருக்கிறாள்.

6. எது சேர்த்து வைக்கிறது

‘ஆறு மாதம் ஒன்றாக வாழ்ந்தால்தான் சொத்து’ என்ற உயில் நைந்துபோய்விட்டது. பனியில் மாட்டிக்கொண்ட விடுதியும் அப்படித்தான், ஆனாலும் அதை எனக்குப் பிடிக்கும். அந்தச் சமூகத்தின் உள்ளிருந்தே காரணம் எடுங்கள்: வாரிசு வேண்டும், நோயில் கிடக்கும் மாமியார், நாத்தனாரின் முதல் லண்டன் சீசன் (வரன் பார்க்கும் நடன விருந்துக் காலம்).

நாம் நாத்தனாரின் கல்யாணத்தை வைத்துக்கொள்வோம். ஜனவரி நடுவில் தேதி. அண்ணன் வீட்டில் பிரிவினைப் பத்திரம் என்று வெளியே தெரிந்தால் மாப்பிள்ளை வீட்டார் பின்வாங்கலாம். ஆகவே அவன் சொல்கிறான்: கல்யாணம் முடியும்வரை ஊருக்கு முன் ஒன்றாக இருப்போம், பிறகு கையெழுத்துப் போடுகிறேன். ஏழு வாரம். குறுநாவலுக்கு அளவான காலம்.

7. அளவும் ஆட்களும்

ஆங்கிலத்தில் குறுநாவல் என்றால் பொதுவாக 20,000 முதல் 40,000 சொல். தமிழில் சொற்கள் ஒட்டிக்கொண்டு நிற்பதால் அதே கதை குறைந்த எண்ணிக்கையில் முடியும். பத்துப் பன்னிரண்டு அத்தியாயம், ஒரே வீடு, பேசும் ஆட்கள் ஐந்தாறு பேருக்கு மேல் வேண்டாம். வில்லன் தேவையே இல்லை. சட்டம் அந்த வேலையைச் செய்கிறது.

வேலைக்காரர்களை மறந்துவிடாதீர்கள். பட்லர், ஹவுஸ்கீப்பர், அவளுடைய தனிப் பணிப்பெண், அவனுக்கு உடை எடுத்துவைக்கும் வேலட். பெரிய வீடுகளில் கணவனுக்கும் மனைவிக்கும் தனித்தனிப் படுக்கையறை, நடுவில் உடை மாற்றும் அறையோ ஒரு கதவோ இருக்கும். அந்தக் கதவின் சாவி எந்தப் பக்கம் இருக்கிறது என்று கீழ்த்தளம் முழுவதற்கும் தெரியும். ஊருக்காக நடிப்பவர்கள் முதலில் நடிக்க வேண்டியது இவர்களிடம்தான்.

8. கடிதமும் பேச்சும்

1840-க்கு முன் தபால் கட்டணத்தைப் பெரும்பாலும் பெறுபவர்தான் கட்டினார். தூரத்தையும் தாள் எண்ணிக்கையையும் வைத்துக் கணக்கு. அதனால் ஒரே தாளில் நேராக எழுதி, பிறகு குறுக்காகவும் எழுதுவார்கள். தனி உறை கிடையாது; தாளையே மடித்து அரக்கு வைப்பார்கள். காசு கொடுக்க மறுத்துக் கடிதத்தைத் திருப்பி அனுப்பலாம். இதைவிட வெளிப்படையாக ஒரு மனைவி கோபத்தைக் காட்ட முடியுமா? நம் கதாநாயகி காசு கொடுத்து வாங்கி, பிரிக்காமல் வைத்திருக்கிறாள் என்பதில் வேறொன்று இருக்கிறது. அதை விளக்காதீர்கள்.

ஏர்லின் மனைவியை மற்றவர்கள் ‘லேடி’ போட்டுப் பட்டப்பெயரால் அழைப்பார்கள். கணவனும் சபையில் அப்படியே. ஞானஸ்நானப் பெயர் சொல்வது நெருக்கம். தமிழில் எழுதும்போது இருவரையும் ‘நீங்கள்’ என்றே பேசவிடுங்கள். யாராவது ‘நீ’ என்று இறங்குவது ஒரே ஒரு காட்சிக்காகக் காத்திருக்கட்டும்.

9. சமாதானம்

அழகாக மன்னிப்புக் கேட்கத் தெரிந்த கதாநாயகர்கள் ஏராளம். ஆனால் சட்டம் முழுக்க அவன் பக்கம் இருக்கும்போது வெறும் மன்னிப்பு எடை குறைவு. வீட்டைவிட்டுப் போன மனைவியைத் திரும்பி வரச் சொல்லித் திருச்சபை நீதிமன்றத்தில் வழக்குப் போடும் உரிமைகூட அவனுக்கு உண்டு. ஆகவே அவன் கையில் இருக்கும் ஏதாவது ஒன்றைக் கீழே வைக்க வேண்டும், அதைத் திரும்ப எடுக்க முடியாதபடி. நம் கதையில் நாத்தனார் கல்யாணத்துக்கு மூன்று வாரம் முன்பே பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு, தர்மகர்த்தாக்களுக்கு அனுப்பிவிடுகிறான். நிபந்தனை எதுவுமில்லை. வீடு, வருமானம், அவள் பார்த்துவந்த பண்ணை மூன்றும் அதில். இனி அவள் நாளைக்கே வண்டியேறலாம். அவள் செய்வது இழுப்பறையைத் திறந்து பழைய கடிதங்களின் அரக்கை உடைப்பது. உடைத்த பிறகும் உடனே ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள வேண்டாம். அந்த நான்கு வரிப் பதிலைப் பற்றி ஒரு முழு அத்தியாயம் சண்டை போடட்டும்.

படுக்கையறைக் காட்சி எழுதுவதும் விடுவதும் உங்கள் இஷ்டம். எழுதினால் இந்தச் சண்டைக்குப் பிறகு, அவள் பக்கத்திலிருந்து கதவு திறக்கட்டும். கணவனின் உரிமை என்ற பெயரில் அன்று சட்டம் அனுமதித்ததை இன்றைய வாசகர் கதாநாயகனிடம் மன்னிக்கமாட்டார். முடிவில் குழந்தையோடு ஓர் இணைப்பு அத்தியாயம் சேர்க்கும் வழக்கம் உண்டு. இறந்த குழந்தை ஒன்று இருக்கும் இந்தக் கதைக்கு அது வேண்டாம்.

10. அச்சுக்கு முன் தேட வேண்டியவை

தீக்குச்சி உரசுகிறார்களா? 1827-க்கு முன் விற்பனைக்கு வரவில்லை. ரயில் கூடாது, தபால் சுமக்கும் குதிரை வண்டியான மெயில் கோச் மணிக்கு ஏழெட்டு மைல், லண்டனிலிருந்து யார்க் போகவே ஒரு நாளுக்கு மேல். தபால்தலை 1840. கிறிஸ்துமஸ் மரத்தை எடுத்துவிடுங்கள், சாதாரணமாக வீடுகளில் கிடையாது. ஹாலி இலைத் தோரணமும் ஜனவரி 6-ஐ ஒட்டிய கேக்கும் வைக்கலாம். வெள்ளை உடையில்தான் மணமகள் வர வேண்டும் என்ற கட்டாயம் அப்போது இல்லை. உடைக்கும் அறைகலனுக்கும் 1809 முதல் வெளிவந்த ‘அக்கர்மன்ஸ் ரெபாசிட்டரி’ மாத இதழின் வண்ணப்படங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. உங்கள் கதை நடக்கும் மாதத்து இதழையே எடுத்துப் பாருங்கள். 1816 ஜனவரியில் லண்டனிலிருந்து யாராவது விருந்துக்கு வந்தால், அதற்குள் பைரன் வீட்டு வதந்தி அவர் காதுக்கு வந்திருக்குமா என்று நாள் கணக்குப் போட்டுவிட்டுப் பேசவிடுங்கள்.